பிரிகாம் யங் கடிதங்கள்: நகல் புத்தகமா, மூலமா?

மார்மன் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவின் தலைவர் பிரிகாம் யங் (1801–1877) அனுப்பிய கடிதங்களைத் தேடுவோர் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், அப்பிரிவின் திருச்சபை வரலாற்று நூலகத்திலுள்ள நகல் புத்தகங்களில் (அனுப்பும் முன் எடுத்த நகல்களின் தொகுப்பில்) தொடங்குவதே நல்லது. பல ஆண்டுக் கடிதங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். நகலெடுக்கும் மையால் எழுதிய கடிதத்தை அந்தப் புத்தகத்தின் ஈரப்படுத்திய மெல்லிய தாளோடு சேர்த்து, இரும்பு அழுத்தியில் இறுக்குவார்கள். எழுத்து இடவலம் மாறிப் பதியும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். ஈரம் கூடினால் மை கசியும், குறைந்தால் வெளிறும். படிக்கும்போது பக்கத்தின் அடியில் வெள்ளைத் தாள் வைத்தால் அடுத்த பக்க எழுத்து குறுக்கிடாது.

அனுப்பிய மூலக் கடிதங்களோ பெற்றவர்களோடு சிதறிவிட்டன. ஆனால் நகலெடுத்த பிறகு சேர்த்த பின்குறிப்பும், பெற்றவர் கடிதத்தின் பின்புறம் எழுதிய தேதிக்குறிப்பும் அவற்றில்தான் இருக்கும். மேற்கோளுக்கு மூலமே மேல். இரண்டிலும் கடிதத்தை எழுதிய கை பெரும்பாலும் எழுத்தருடையது. யங்கினுடையது என்று எண்ணிவிடாதீர்கள்.