"ஓடும் தம்பி" என்றார்கள்: காரைக்குடியில் வாங்கிய பழைய ரயில் இன்ஜின்

முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நான் போனது ஒரு எனாமல் தூக்கு வாங்கத்தான். கடையின் பின்பக்கம் குத்துவிளக்குகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் கருப்பாக ஒரு பொம்மை ரயில் இன்ஜின் கிடந்தது. ட்ரை-ஆங் கம்பெனியின் ஜின்டி, ஆறு சக்கரம், இங்கிலாந்தில் மார்கேட் என்ற ஊரில் செய்தது. "கொண்டுவிக்கப் போன வீட்டுச் சாமான் தம்பி" என்றார் கடைக்காரர், அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன செட்டியார் வீட்டுச் சாமான். அந்தத் தெருவில் எதைத் தொட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், சில சமயம் உண்மையாகவும் இருக்கும்.

4,500 சொன்னார், 2,800க்குப் படிந்தது. ஓடுமா என்று கேட்டதற்கு "ஓடும் தம்பி" என்று ஒரு 9 வோல்ட் பாட்டரியைக் கொண்டுவந்து சக்கரத்தில் வைத்தார். அசையவில்லை. "பாட்டரி வீக்கு" என்றார். ஆனால் அந்தப் பாட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்தேன், சுட்டது. வீக்கான பாட்டரி அப்படிச் சுடாது, உள்ளே எங்கேயோ ஷார்ட் என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் வாங்கினேன், அது என் குணம்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் ஒரு பலகையைப் போட்டு மோட்டாரைத் தனியாகக் கழற்றினேன். எக்ஸ்.04 என்று பெயர், 12 வோல்ட் டிசி, மூன்று துருவ ஆர்மேச்சர் (காயில் சுற்றிய, சுழலும் பகுதி), மூடியே கிடையாது, எல்லாம் வெளியே தெரியும். பழைய மோட்டாரை எடுத்த எடுப்பில் அடாப்டரில் மாட்டக்கூடாது, அதனால் பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பு ஒன்றை வயரில் தொடராகச் சேர்த்துக்கொண்டேன். மோட்டார் நன்றாக இருந்தால் அது சுற்றும், பல்பு மங்கலாக எரியும். ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், அதோடு போச்சு, ஆர்மேச்சர் தப்பித்துவிடும். எனக்கு முழுசாகத்தான் எரிந்தது, திண்ணையே வெளிச்சமானது.

காயில் போய்விட்டது என்று நினைத்து, எங்கள் தெருமுனையில் ஃபேன், மிக்ஸிக்கு காயில் கட்டுகிற அண்ணனிடம் கொண்டுபோனேன். இந்த மோட்டாரை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மீட்டரை எடுத்து, சுற்றும் காயிலுக்குக் கரண்டை வாங்கிக்கொடுக்கிற கம்யூட்டேட்டரின் மூன்று செம்புத் துண்டுகளையும் இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்த்தார், முதலில் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பல்குத்தும் குச்சியால் துண்டுகளுக்கு நடுவில் இருந்த கரியைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபின் மூன்றும் ஒரே அளவு காட்டின. "காயிலு ஜம்முனு இருக்கு தம்பி" என்றவர், கம்யூட்டேட்டரில் உரசிக் கரண்ட் கொடுக்கிற இரண்டு கார்பனையும் அழுத்திப் பிடிக்கிற ஒற்றைக் கம்பி ஸ்பிரிங்கை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அதில் ஒரு காலுக்கு மட்டும் ஸ்லீவ், அதாவது கரண்ட் பாயாத சின்னக் குழாய், மாட்டியிருக்க வேண்டும். அது எப்போதோ உதிர்ந்துபோய், கரண்ட் மோட்டாருக்குள் போகாமல் ஸ்பிரிங் வழியாகவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அரிசி நீளத்துக்கு ஒரு துண்டு ஸ்லீவ் வெட்டி மாட்டினார். 20 ரூபாய் கொடுத்தேன், டீக்கு வைத்துக்கொள்கிறேன் என்று 10 தான் எடுத்துக்கொண்டார்.

திரும்ப பல்பு வழியாகக் கொடுத்தேன். ஒரு நொடி உறுமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது, அந்த ஓசோன் வாசனையோடு. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு சொட்டு, அதற்கு மேல் விடக்கூடாது, கம்யூட்டேட்டரில் இறங்கினால் மறுபடியும் கரிதான். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு நேராக 12 வோல்ட். 0.28 ஆம்பியர், அரைமணி நேரம் ஓடியும் வெதுவெதுப்புதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காந்தம் பலம் போனால் மோட்டார் மெதுவாக ஓடும் என்று நினைப்போம், நடப்பது தலைகீழ்: சுமை இல்லாதபோது வெறிபிடித்த மாதிரி வேகமாகச் சுற்றும், ஆம்பியர் அதிகம் இழுக்கும், சூடாகும், ஆனால் நான்கு பெட்டியை மாட்டினால் இழுக்காது. அதனால் மேஜையில் பறக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், மீட்டரைப் பாருங்கள். சுத்தம் செய்கிறேன் என்று காந்தத்தைக் கழற்றவும் வேண்டாம், அந்தக் காலத்து அல்னிகோ (ஒரு உலோகக் கலவை) காந்தத்தை இரும்புச் சட்டத்திலிருந்து சும்மா உருவினாலே பலம் குறையும்.

மோட்டாருக்கு ஐந்துக்கு ஐந்து. காயில் அண்ணனுக்கும் ஐந்து. கடைக்கு இரண்டு, அதுவும் பேரம் பேச விட்டதற்காக. "ஓடும்" என்று சொல்லி விற்கிறவர் ஒரு 12 வோல்ட் அடாப்டராவது வைத்திருக்க வேண்டாமா? தூக்கு வாங்க மறந்துவிட்டேன் என்று வீட்டில் திட்டு தனி.

போன வாரம் தூக்குக்காக மறுபடி போனேன், அதே டின்னில் கூடு இல்லாத இன்னொரு இன்ஜின். இந்த முறை பையில் அடாப்டரும் பல்பும் இருந்தன. அங்கேயே மாட்டிக் காட்டினேன், சுற்றியது. உடனே விலையை 500 ஏற்றிவிட்டார்.