எஸ்.பி. ரோடு டிஃப்ராஸ்ட் செட்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது, கீழே வைத்த பால் மறுநாள் திரிந்துபோகிறது. பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ மெக்கானிக்கைக் கூப்பிட்டு இதைச் சொன்னால், ஃப்ரிட்ஜைத் திறந்துகூடப் பார்க்காமல் "கேஸ் போயிடுச்சு சார்" என்று சொல்பவர்கள் உண்டு. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் என்றால் அங்கேயே அவரை நிறுத்துங்கள். கேஸ் குறைந்திருந்தால் ஃப்ரீசருமே தடுமாறும். மேலே குளிர் சரியாக இருந்து கீழே இறங்கவில்லை என்றால் முதல் சந்தேகம் டிஃப்ராஸ்ட் மேல்தான், அதாவது உள்ளே சேரும் ஐஸை அவ்வப்போது தானாக உருக்கும் ஏற்பாட்டின் மேல்தான் விழ வேண்டும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டு ஸ்பேர்ஸ் கடைகளில் "டிஃப்ராஸ்ட் செட்" என்று கேட்டால் டைமர், பைமெட்டல் (சூடானால் ஹீட்டரை நிறுத்தும் சின்ன சுவிட்ச்), ஹீட்டர் மூன்றையும் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். சில கடைகளில் தெர்மல் ஃபியூஸும் சேரும். பெரும்பாலும் கம்பெனிப் பெயர் இல்லாத சரக்கு. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு கேஸ் ஃபில்லிங் செலவில் பாதி வராது. ஆனால் மூன்றும் ஒரே தரம் இல்லை. அதனால் செட்டாக வாங்காமல், கெட்டதை மட்டும் கண்டுபிடித்து வாங்குவதுதான் சரி.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. டைமர் பல மாடல்களில் பின்பக்கம் கம்ப்ரஸர் அருகில் இருக்கும், சிலவற்றில் உள்ளே கன்ட்ரோல் பாக்ஸுக்குள். அதன் நடுவில் பிளவு வைத்த ஒரு குமிழ். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்க்ரூ டிரைவரால் அதைக் கடிகாரத் திசையில் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் "டக்" என்று விழும். கம்ப்ரஸர் நின்றுவிடும், ஹீட்டருக்குக் கரன்ட் போகும். பத்து நிமிஷத்தில் ஃப்ரீசர் பின்தகட்டுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் ஹீட்டரும் பைமெட்டலும் நல்லா இருக்கின்றன, டைமர்தான் சுற்றாமல் நின்றிருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லை என்றால் கோளாறு அந்தப் பின்தகட்டுக்குப் பின்னால்.

அதைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்துபோட்டு, அடியில் பழைய துணி விரித்து ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் ஐஸில் ஒட்டிய பிளாஸ்டிக் கிளிப் உடையும். கத்தியால் ஐஸைப் பெயர்ப்பவர்களுக்கு நிஜமாகவே கேஸ் போகும்; பின்தகட்டுக்குப் பின்னால் உள்ள காயிலின் (குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) அலுமினியக் குழாய் அவ்வளவு மெல்லிசு. ஆனால் முழுக்க உருகுவதற்குள் இடுக்கு வழியாக ஒரு பார்வை பாருங்கள். காயில் முழுக்க ஒரே சீராக வெள்ளையாய் மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் கோளாறு. முதல் இரண்டு மூன்று சுற்றில் மட்டும் பனி, மீதி வெறும் குழாய் என்றால் கேஸ் என்று சொன்னவர் சொன்னது சரி.

இனி பாகங்கள். டைமர் தேறுகிறது. வேலை எளிது: கம்ப்ரஸர் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இருபது, முப்பது நிமிஷம் ஹீட்டர் பக்கம் மாற்றிவிட வேண்டும். லேபிளில் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாலு பின்களின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், பழையதை உருவுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பைமெட்டலும் வாங்கலாம், விலை குறைவு, கூடுதலாக ஒன்று வாங்கி வைத்தாலும் தப்பில்லை. நாணயம் போன்ற அந்த வில்லையின் முதுகு உப்பியிருந்தால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. புதுசிலேயே அப்படி இருப்பதுண்டு, கடையிலேயே தடவிப் பாருங்கள். இதைச் சோதிப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பைமெட்டல் குளிர்ந்தால்தான் இணையும், சூடானால் பிரியும். அறை வெப்பத்தில் மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பைமெட்டலும் "ஓப்பன்" என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்லதைத் தூக்கி எறிகிறார்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் அரை மணி வைத்து, எடுத்த உடனே சோதியுங்கள்; ஜீரோ ஓமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். கையில் வைத்திருக்க வைத்திருக்கத் தானாகப் பிரியும். சூட்டிலும் பிரியாமல் ஒட்டிக்கொண்டதுதான் ஆபத்து: டைமர் நேரம் முடியும்வரை ஹீட்டர் எரிந்து உள்சுவர் பிளாஸ்டிக்கை இளக்கும். அதைத் தடுக்கத்தான் எழுபது டிகிரிக்குச் சற்று மேலே அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ். "அதை டைரக்ட் பண்ணிடலாம்" என்று, ஃபியூஸை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைக்கச் சொல்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

ஹீட்டர் விஷயத்தில் மட்டும் எஸ்.பி. ரோட்டுக்கு முழு மார்க் போட முடியாது. பழையதை மல்டிமீட்டரில் பாருங்கள். 150 வாட் ஹீட்டர் என்றால் 350 ஓம் அளவில் காட்டும், 200 வாட் என்றால் 265. முடிவிலி காட்டினால் கம்பி அறுந்தது. பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளம், வாட் இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். கடையில் சீரிஸ் லேம்ப் (பாகத்தின் வழியே கரன்ட் ஓடுகிறதா என்று எரிந்து காட்டும் பல்பு) இருக்கும், "அண்ணா, ஒருதடவை போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். எலக்ட்ரிக்கல் பாகத்தைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். கண்ணாடிக்குழாய் ஹீட்டரில் இரண்டு முனை ரப்பர் மூடியையும் லேசாக இழுத்துப் பாருங்கள். தளர்ந்து சுழன்றால் சொட்டும் தண்ணீர் உள்ளே போய்விடும்.

அதற்கும் முன்னால் கம்ப்ரஸர் லேபிளைப் படியுங்கள். ஆர்600ஏ என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எரியும் வாயு. 460 டிகிரியில் தானே பற்றிக்கொள்ளும். அதனால் அந்த ஃப்ரிட்ஜ்களில் ஹீட்டரின் மேற்பரப்பு அதைவிடக் குறைந்தது 100 டிகிரி கீழேயே நிற்க வேண்டும் என்பது சர்வதேசத் தரவிதி. பெயரில்லாத கண்ணாடிக்குழாய் அந்த வரம்புக்குள் நிற்கிறதா என்று கவுன்ட்டரில் யாராலும் சொல்ல முடியாது. ஆர்600ஏ என்றால் விலை கூடினாலும் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஹீட்டர்தான். எரியாத வாயுவான ஆர்134ஏ உள்ள பழைய மாடலுக்கு எஸ்.பி. ரோடு ஹீட்டர் ஓடும்.

மாட்டும்போது பைமெட்டல் பழையது இருந்த அதே குழாயில், அதே உயரத்தில் உட்கார வேண்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் இறக்கிக் கிளிப் போட்டால் சீக்கிரமே பிரிந்து, மேல் பாதி ஐஸ் அப்படியே நிற்கும். ஒயர் இணைப்புக்கு இன்சுலேஷன் டேப் வேண்டாம், அந்த ஈரத்தில் பசை விட்டுவிடும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். மூடுமுன் காயிலுக்கு அடியில் உள்ள வடிகால் ஓட்டையில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அது பின்னால் கம்ப்ரஸர் மேல் தட்டில் வந்து விழுகிறதா பாருங்கள். விழவில்லை என்றால் சிரிஞ்சில் வெந்நீர் பீய்ச்சி அடைப்பை எடுக்க வேண்டும். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதற்குக் காரணம் இந்த அடைப்புதான். தோசை மாவுப் பாத்திரத்தை மூடாமல் வைக்கும் வீடுகளில் காயில் இன்னும் சீக்கிரம் பனி பிடிக்கும்.

இன்வெர்ட்டர் மாடல் வைத்திருப்பவர்கள் இந்த செட்டை வாங்கவே வேண்டாம். பெரும்பாலானவற்றில் டைமரே இருக்காது. சென்சர் பார்த்து எலக்ட்ரானிக் போர்டு எப்போது உருக்குவது என்று முடிவெடுக்கும். கடைக்காரர் கொடுக்கும் டைமரை மாட்ட உள்ளே இடமே கிடையாது.