மதர்போர்டு மாற்றியதும் விண்டோஸ் ஏறவில்லை: பழையதைச் சரிசெய்வதா, புதிதாகப் போடுவதா?

திரையே வராவிட்டால் விண்டோஸைத் தொடாதீர்கள். கீழக்கரை, மண்டபம் உப்புக்காற்றில் பழைய ராம் (மெமரி) கார்டின் தொடுமுனைகள் கறுத்திருக்கும். அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். அப்புறம் பிராசசருக்கான தனி பவர் கேபிளையும் பாருங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) வந்தும் விண்டோஸ் வராதபோதுதான் இந்தக் கேள்வி.

நேரம்
சரிசெய்தால்: பெரும்பாலும் பயாஸில் ஓரிரு மாற்றம். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு வகை என்றால், பழைய முறையில் விண்டோஸை ஏற்றவிடும் சிஎஸ்எம் அமைப்பை ஆன் செய்ய வேண்டும். நீலத்திரை வந்தால், பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) அமைப்பைப் பழைய போர்டில் இருந்தபடியே ஏஹெச்சிஐ அல்லது ரெய்டு என்ற முறைக்கு மாற்றிப் பாருங்கள்.
புதிதாகப் போட்டால்: பிரிண்டர் டிரைவர்வரை எல்லாம் முதலிலிருந்து.

டேட்டா
சரிசெய்தால்: அப்படியே இருக்கும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) கேட்டால் மீட்பு எண் வேண்டும்.
புதிதாகப் போட்டால்: சி டிரைவை ஃபார்மட் செய்ததும் டெஸ்க்டாப்பில் வைத்த கணக்கும் போட்டோவும் போய்விடும். டிஸ்கை வேறு கணினியில் மாட்டி முதலில் நகலெடுங்கள், தயவுசெய்து.

லைசென்ஸ்
இரண்டுக்கும் ஒன்றுதான். கணினியோடு வந்த ஓஇஎம் வகை லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டுண்டது. தனியாக வாங்கிய ரீடெயில் வகையைப் புதிய போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மீன் கம்பெனி, ஐஸ் பிளான்ட் கணக்கு ஓடும் கணினி என்றால் சரிசெய்யவே பாருங்கள். பிள்ளைகள் படிக்கும் வீட்டுக் கணினிக்கு, நகலெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல். பழைய டிரைவர் தொல்லை இருக்காது.