ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம்: ஓ.ஆர்.எஸ். தூள் குறித்து ஒரு தாயின் மதிப்புரை

ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்ட வாய்வழியாகக் கொடுக்கும் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரிக்கப்பட்டு, ஒரு லிட்டர் நீரில் கரைப்பதற்கென்று விற்கப்படும் ஓ.ஆர்.எஸ். தூள் பொட்டலத்தையே இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருக்கிறேன். உறையின் பின்பக்கத்தில் நான்கு பொருள்கள் எழுதியிருக்கும். சோடியம் குளோரைடு, அதாவது நம் வீட்டு உப்பு, 2.6 கிராம்; குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம். வாசனைப் பொருள் சேர்த்திருந்தால் எடை சற்றுக் கூடலாம். தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் இந்த நான்கு அளவுகளும் மாறக் கூடாது என்பதால், நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்களைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தவற்றில் முதன்மையானது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின.

2023ஆம் ஆண்டு, என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, ஒரு நாள் நள்ளிரவில் வாந்தி தொடங்கி, விடிவதற்குள் எட்டு முறை தண்ணீராகப் பேதியாயிற்று. காலையில் மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டபோது, உறிஞ்சுகுழல் ஒட்டிய அட்டைப்பெட்டியில் ஆரஞ்சு வண்ணப் பானம் ஒன்றைக் கொடுத்தார்கள்; அதன் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இருந்ததால் வேறெதையும் கேட்காமல் வாங்கி வந்தேன். குழந்தை அதை ஆசையாகக் குடித்தாள். மதியத்துக்குள் பேதி இன்னும் நீர்த்துப் போயிற்று, அழும்போது கண்ணில் நீர் வரவில்லை, வாய் உலர்ந்து உதடு வெடித்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த செவிலியர் என் பையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேருலதாம்மா ஓ.ஆர்.எஸ். இருக்கு, உள்ள இருக்கிறது சர்க்கரைத் தண்ணி. இதை நிறுத்துங்க" என்றார். அதில் 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவர் என் கையில் வைத்த பொட்டலத்தைக் கரைத்தால் 100 மில்லிக்கு 1.35 கிராம் குளுக்கோஸ்தான் வரும். எட்டு மடங்கு வித்தியாசம்.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகக் குடலுக்குப் படுகிறது என்பதைப் பின்னர் தேடிப் படித்தேன். குடலின் உட்சுவரில் உள்ள செல்களில், குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் மட்டுமே உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே போகும்போது அவற்றைத் தொடர்ந்து நீரும் போகிறது. 1960ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார். காலராக் கிருமியின் நச்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்ட வைத்தாலும் இந்த உள்வழியைக் கெடுப்பதில்லை என்பது, அதன் பின் நடந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டது. ஆகவே பேதி போய்க்கொண்டிருக்கும் குடலும் நீரை ஏற்கும். ஆனால் சர்க்கரையும் உப்பும் சரியான விகிதத்தில் வந்தால்தான் ஏற்கும். சர்க்கரை மிகுந்தால், உள்ளே போக முடியாமல் குடலில் தங்கிவிடும் சர்க்கரை உடம்பிலிருக்கும் நீரையே குடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. என் மகளுக்கு அன்று மதியம் நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பொட்டலம் பிறந்த கதையைப் படித்த பிறகு அதைக் குப்பையில் போடுவதற்குக்கூட எனக்கு மனம் வரவில்லை. 1968இல் டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள், வாய்வழியாகக் கொடுக்கும் கரைசல் காலரா நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்ற வேண்டிய திரவத்தின் அளவைப் பெருமளவு குறைக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அவை மருத்துவமனைக்குள், கண்காணிப்போடு நடந்த சோதனைகள். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையைக் கடந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்காவின் மருத்துவமனையில் குவிந்தார்கள், காலரா பரவியது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. அங்கே பணியாற்றிய திலீப் மகாலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் கொல்கத்தாவில் அளந்து, பாலித்தீன் பைகளில் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் வாயை ஒட்டி வரவழைத்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் மொண்டு கொடுக்கச் சொன்னார். முகாமில் 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவம் படிக்காத ஒரு தாயோ அண்ணனோ இதைப் பிழையின்றிச் செய்ய முடியும் என்பதையும் அந்த முகாமே நிறுவியது. 2022 அக்டோபரில் அவர் காலமானார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் ஒவ்வொரு உறையும் அந்த பாலித்தீன் பையின் வாரிசு.

ஆனால் அப்படியே வந்த வாரிசு இல்லை. சமையல் சோடா சேர்த்த தூள் வெப்பமான ஊர்களில் கட்டிபிடித்து நிறம் மாறியதால், 1980களில் அதற்குப் பதிலாக சிட்ரேட் வந்தது. அதைவிட முக்கியமான மாற்றம் 2002இல் வந்தது. அதுவரை இருந்த சூத்திரத்தில் லிட்டருக்கு சோடியம் 90, குளுக்கோஸ் 111 மில்லிமோல் (எடையால் அல்லாமல் துகள்களின் எண்ணிக்கையால் அளக்கும் அலகு) இருந்தன. கரைந்திருக்கும் எல்லாத் துகள்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், கரைசலின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 311 மில்லியாஸ்மோல். அது காலராவால் உப்பை அள்ளி இழக்கும் நோயாளியை மனதில் வைத்து உருவானது. குழந்தைகளுக்கு வரும் கடும் பேதியில் பெரும்பகுதிக்குக் காரணம் வேறு. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், பேதியால் வாடிய குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். சக்கரம் போன்ற அதன் வடிவத்தால் பின்னர் அதற்கு ரோட்டா என்று பெயர் வந்தது. அந்த வைரஸால் வரும் பேதியில் காலராவில் போல அவ்வளவு உப்பு வெளியேறுவதில்லை. ஆகவே பல நாடுகளில் குழந்தைகளிடம் ஆய்வு செய்து, சோடியத்தையும் குளுக்கோஸையும் 75 மில்லிமோலாகச் சமப்படுத்தி, மொத்தச் செறிவை 245க்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் புதிய கரைசல் கொடுத்த குழந்தைகளுக்கு, இடையில் நரம்புவழி திரவம் ஏற்ற வேண்டிய தேவை 33 விழுக்காடு குறைந்தது. வாந்தி சுமார் 30 விழுக்காடும், வெளியேறும் மலத்தின் அளவு சுமார் 20 விழுக்காடும் குறைந்தன. ஒரு பொட்டலத்தில் சில கிராம்களைக் குறைத்ததால் எத்தனையோ குழந்தைகளின் கையில் ஊசி ஏறாமல் போயிற்று என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைகிறது.

இனி பயன்படுத்திய அனுபவம். கொதிக்க வைத்து ஆறிய நீர் ஒரு லிட்டரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்கினேன். ஒரு நிமிடத்தில் அடியில் எதுவும் தங்காமல் கரைந்துவிட்டது. வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கண்ணீர் உதட்டில் பட்டால் எப்படி இருக்குமோ அந்த உப்பும், அதன் பின்னால் மெல்லிய இனிப்பும் இருந்தன. ஆரஞ்சுப் பானத்துக்குப் பழகிய மகள் முதல் வாயைத் துப்பிவிட்டாள். டம்ளரில் கொடுத்ததை மொத்தமாக வாந்தியெடுத்தாள். செவிலியர் சொன்னபடி பத்து நிமிடம் விட்டு, அத்தை பரணிலிருந்து எடுத்துக் கழுவித் தந்த பழைய பாலாடையில், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தின் உட்புறம் ஊற்றினேன். அது வயிற்றில் தங்கியது. இடையிடையே தாய்ப்பாலும் கொடுத்தேன். பேதியின்போது பாலை நிறுத்தக் கூடாது என்பதை அங்கே அழுத்திச் சொல்லியிருந்தார்கள். மணிக்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை இது, அத்தையும் நானும் மாறி மாறிச் செய்தோம். மாலை ஆறரை மணிக்கு அவள் என் மடியை நனைத்தாள். காலையிலிருந்து சிறுநீர் போகாத குழந்தை அது. அத்தை அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, "தேறிட்டா" என்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது பொருளின் குறை என்பதைவிட, நம் எதிர்பார்ப்பைச் சார்ந்தது: இது பேதியை நிறுத்தாது. என் மகளுக்கு மேலும் நான்கு நாள் பேதி இருந்தது. நீரையும் உப்பையும் ஈடுகட்டி, குடல் தானாக ஆறும்வரை உடம்பைக் காப்பதுதான் இதன் வேலை. இது தெரியாமல், பேதி நிற்கவில்லையே என்று இரண்டாம் நாளே தூளைத் தள்ளிவிட்டு, பேதியைக் கட்டும் மாத்திரையையோ ஆன்டிபயாட்டிக்கையோ கேட்டு வாங்குகிறவர்கள் என் சுற்றத்திலேயே உண்டு. உறையின் முன்பக்கத்தில் இதைப் பெரிதாக ஒரு வரி எழுதினால் என்ன என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

இரண்டாவது குறை உறையுடையதே, அது அபாயமானதும்கூட. ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும், 200 மில்லிக்கான சுமார் 4 கிராம் சிறிய பொட்டலமும் ஒரே தோற்றத்தில் விற்கப்படுகின்றன. எவ்வளவு நீர் என்பது, நான் வாங்கிய பொட்டலங்களில், மடிப்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் ஒரு சொல்கூட இல்லை. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகி, குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். கொஞ்சம் தூளை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் என்று பிரித்துக் கரைப்பதும் தவறு. நான்கு பொருள்களும் உறைக்குள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இவ்வளவு ஆராய்ச்சி செய்து ஒவ்வொரு கிராமையும் தீர்மானித்த ஒரு மருந்து, கடைசியில் அளவு தெரியாத ஒரு சொம்பில் வந்து முடிவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

பெயர் குழப்பத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பின், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில், உணவுப் பொருள்களின் பெயரிலோ வணிகக் குறியிலோ ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. ஆனாலும் கடையில் கேட்கும்போது, பொட்டலத்தைத் திருப்பி, அந்த நான்கு எண்களைப் படித்துப் பார்ப்பதை நான் விடவில்லை.

"அந்தக் காலத்தில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணிதானே கொடுப்போம்" என்று அத்தை அன்று இரவு கேட்டதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியையும் ஆராய்ச்சி விட்டுவைக்கவில்லை. அரிசி மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால், செறிவைக் கூட்டாமலேயே சோடியத்துக்குத் துணை கிடைக்கிறது. அரிசியில் செய்த ஓ.ஆர்.எஸ். காலரா நோயாளிகளுக்கு நன்கு பயன்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு இன்னும் ஒரு படி மேலே போய், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்துப் பார்த்தது. அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் கொழுப்பு அமிலங்களாக மாறும்போது, பெருங்குடலும் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சத் தொடங்குகிறது. காலரா நோயாளிகளிடம் கண்ட பலனை 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பின்னர் குழந்தைகளிடமும் சோதித்தார்கள். ஆயினும் வீட்டுக் கஞ்சியில் உப்பின் அளவு கைக்குக் கை மாறும், பொட்டாசியமும் போதாது. ஆகவே கஞ்சியை மட்டும் நம்பாமல், பொட்டலக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே அதையும் தனியாகக் கொடுத்தோம்.

துத்தநாக மாத்திரையைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். 2004 முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஓ.ஆர்.எஸ்.ஸோடு அதையும் 10 முதல் 14 நாள் பரிந்துரைக்கின்றன. அளவை மருத்துவரே சொல்லட்டும். மலத்தில் இரத்தம் வந்தாலோ, குழந்தை குடிக்கவே முடியாமல் துவண்டாலோ, உச்சிக்குழியும் கண்களும் உள்வாங்கினாலோ, இந்தப் பொட்டலத்தை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

விலை குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே தருகிறார்கள். வாசனை சேர்க்காத ஒரு லிட்டர் பொட்டலத்தையே நான் வாங்கி வைக்கிறேன். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது என்பதால் மீந்ததைக் கொட்டிவிடுகிறேன். அளவுக்கு, மருந்துக்கடையில் வாங்கிய அளவுக் குவளையால் ஒரு கண்ணாடிச் சாடியில் சரியாக ஒரு லிட்டர் நீர் ஊற்றி, நீர் நின்ற மட்டத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். சென்ற மாதம் எதிர்வீட்டுப் பெண் தன் மகனுக்குப் பேதி என்று வந்தபோது, பொட்டலத்தோடு அந்தச் சாடியையும் கொடுத்தனுப்பினேன். அவள் இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை, வேறொரு சாடியில் கோடு போட்டுக்கொண்டேன்.