செத்தவர் செத்தவர்தானா? டிராகன்லான்ஸும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக ஆடும் விளையாட்டில் செத்த ஆளை ஒரு மந்திரம் போட்டு எழுப்பிவிடலாம். அதே உலகத்தில் நாவல் எழுதும்போதுதான் சிக்கல்.

அந்த விளையாட்டின் உலகம் ஒன்றில் நடக்கும் நாவல் வரிசை டிராகன்லான்ஸ், 1984-இல் தொடங்கியது, இதில் கறார். ஸ்டர்ம் என்ற வீரன் ஒரு கோட்டையின் மதில்மேல் தனியாக நிற்கிறான், எதிரே பறந்து வருகிறது நீல டிராகன், அதன் முதுகில் கிடியாரா, ஒரு காலத்தில் அவனோடு ஒரே கூட்டத்தில் சுற்றியவள். அவள் கையாலேயே சாகிறான், அப்புறம் எந்த மந்திரமும் அவனை எழுப்பவில்லை. கிழக் குள்ளன் ஃப்ளின்ட் கதை இன்னும் மோசம், போரில்கூட இல்லை, மாரடைப்பு. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அதே விளையாட்டின் இன்னொரு உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் நாவல்கள் வேறு ரகம். அங்கே நாயகன் டிரிஸ்டின் நண்பன் வுல்ஃப்கார் செத்தான் என்று 1992-இல் அழவைத்தார்கள், சில வருடத்தில் ஆள் திரும்பி வந்தான். பிறகு கதைக்காலம் நூறு வருடம் தாவ, வுல்ஃப்கார் உட்பட டிரிஸ்டின் கூட்டாளிகள் நான்கு பேரும் போய்ச்சேர்ந்தார்கள். சரி, முடிந்தது என்று பார்த்தால் 2013-இல் நான்கு பேரும் மறுபிறவி, அதுவும் பழைய நினைவுகளோடு! டிவி சீரியலே தோற்றுவிடும். கதையாகப் பார்த்தால் என் ஓட்டு டிராகன்லான்ஸுக்குத்தான். ஆனால் அந்த மறுபிறவிப் புத்தகத்தை ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன், அது வேறு விஷயம்.