அமெரிக்கக் கல்லூரிக் கழக ஐஸ் ஹொக்கி: கொழும்பிலிருந்து போகிற பிள்ளை காசு கட்டலாமா?

அமெரிக்கக் கல்லூரி ஹொக்கி இரண்டு வகை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கமான என்சிஏஏயில் ஆடும் அணியில் இடம் கிடைத்தால் செலவைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும், மேல் பிரிவில் புலமைப்பரிசிலும் உண்டு. மாணவர் கழகமாக இயங்கும் கழக அணியிலோ செலவில் பெரும்பங்கு விளையாடுகிறவர் தலையில்தான். 1991 இல் தொடங்கிய ஏசிஎச்ஏ என்ற அமைப்பு ஆண்களுக்கு 3 பிரிவும் பெண்களுக்கு 2 பிரிவும் நடத்துகிறது. அதன் கீழே வட்டாரத்துக்கு வட்டாரம் கொன்பரன்ஸ்கள், அதாவது தங்களுக்குள் ஆடும் அணிகளின் குழுக்கள். அண்மையில் சில கழகங்கள் ஏஏயூ என்ற வேறோர் அமைப்பின் கீழ் போய்விட்டன, ஆகவே எந்த அமைப்பில் இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எப்படியிருந்தாலும் இது காசு கொடுத்து வாங்குகிற சேவை. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

சந்தா கழகத்துக்குக் கழகம் மாறும். பருவத்துக்கு 1,000 டொலரிலிருந்து 3,000 வரை பல இடங்களில் கேட்பார்கள், முதற்பிரிவில் அதற்கு மேலும் போகும். கொள்ளை என்று தோன்றலாம், ஆனால் ஐஸ் வாடகையைக் கணக்குப் போட்டால் விளங்கும். மணிக்கு 300 டொலர் என்று வைத்து, வாரம் 2 மணித்தியாலப் பயிற்சி, 20 வாரம் என்றால் 12,000 டொலர். 20 பேர் பங்கிட்டால் பயிற்சிக்கு மட்டும் தலைக்கு 600. நடுவர் கூலி, பஸ், ஹோட்டல், ஜேர்சி, காப்புறுதி எல்லாம் இதற்குப் பிறகு. சந்தா 700 டொலர்தான் என்று ஒரு கழகம் சொன்னால் சந்தோஷப்படாமல், ஐஸ் எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். வாரம் ஒரு பயிற்சி, அதுவும் இரவு 10.30க்கு என்று பதில் வரக்கூடும். நல்ல நேரங்களைச் சிறுவர் அணிகளும் ஸ்கேட்டிங் வகுப்புகளும் பிடித்துக்கொள்வதால் கழகங்களுக்கு மிஞ்சுவது இரவுதான்.

அணி எத்தனையாவது பிரிவு என்பதைவிடக் கொன்பரன்ஸின் வரைபடம்தான் முக்கியம், இதைப் பலர் கவனிப்பதில்லை. அட்டவணை, புள்ளிப் பட்டியல், பருவ இறுதிப் போட்டி எல்லாம் கொன்பரன்ஸ் கையில். நியூ இங்கிலாந்து, பென்சில்வேனியா, மிச்சிகன் பக்கம் எதிரணிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மணித்தியால ஓட்டத்தில் இருக்கும், ஆட்டம் முடிந்த இரவே அறைக்குத் திரும்பிவிடலாம். டெக்சாஸ், அரிசோனா போன்ற இடங்களில் ஒரு வெளியூர் ஆட்டமே ஒரு முழு வாரக்கடைசியைத் தின்றுவிடும். அதனால்தான் ஒரே எதிரணியோடு வெள்ளியும் சனியும் அடுத்தடுத்து ஆடுகிறார்கள். வெள்ளி மதியமே பஸ் புறப்படும், வெள்ளிக்கிழமை ஆய்வுகூட வகுப்பு இருக்கிற பொறியியல் மாணவருக்கு இது தலையிடி. கடந்த பருவத்து அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு வெளியூர் ரிங்க்குக்கும் (ஐஸ் ஆடுகளத்துக்கும்) வரைபடத்தில் தூரம் பார்த்துவிட்டுச் சந்தா கட்டுவதே புத்தி.

தகுதி விதியில் நம்மவருக்கு ஒரு வசதி. ஏசிஎச்ஏ முழுநேர மாணவரைக் கேட்கிறது, எஃப்-1 என்ற மாணவர் வீசாவும் இளமாணிப் பட்டத்துக்குச் செமெஸ்டருக்கு 12 கிரெடிட் கேட்கிறது. வீசாவைச் சரியாக வைத்திருந்தால் இந்த நிபந்தனை தானாகவே நிறைவேறும். பாடப் புள்ளிச் சராசரி (ஜிபிஏ) 2.0க்குக் கீழே போனால்தான் சிக்கல்.

மட்டம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்வதானால், முதற்பிரிவு அணிகளில் கல்லூரிக்கு முந்திய இளையோர் போட்டிகளான ஜூனியர் லீக்கில் ஆடி, 20, 21 வயதில் முதலாம் ஆண்டுக்கு வருகிறவர்கள் நிறைய. ஐஸைத் தொட்டறியாத பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. மூன்றாம் பிரிவுகூட முதல் வருடம் கைகூடாது. ரிங்க்கில் நடக்கும் ஆரம்ப வகுப்பு, அதன் பின் பெரியவர்களுக்கான கீழ்மட்ட லீக், அல்லது கல்லூரிக்குள்ளேயே நடக்கும் ஆட்டங்கள் என்று போவதே வழி. அணியோடு நெருங்க இன்னொரு கதவும் உண்டு. புள்ளிவிபரம் எழுத, கடிகாரம் இயக்க, இணைய ஒளிபரப்பைக் கவனித்துக்கொள்ள எந்தக் கழகத்திலும் ஆள் போதாது.

ரீட் அவெனியூ அஸ்ட்ரோ டர்ஃபில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு சேதி. புல்தரை ஹொக்கியில் எல்லா ஸ்டிக்கும் வலக்கைதான், இடக்கை மேலே, வலக்கை கீழே. ஐஸ் ஹொக்கியில் இதே பிடிக்கு ‘ரைட்’ ஸ்டிக் வாங்க வேண்டும். அங்கே இடப்பக்கம் அடிப்பவர்கள் கூடுதலாக இருப்பதால், தற்காப்பில் ரைட் ஆட்டக்காரருக்கு எப்போதும் கிராக்கி. பந்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு 3 அங்குல விட்டமுள்ள பக் என்ற ரப்பர் வட்டு வேறு சாமான், 156 முதல் 170 கிராம் வரை எடை. துள்ளாமலிருக்க ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள்.

இங்கே இன்லைன் ஸ்கேட் (ஒரே வரிசையில் சக்கரம் உள்ளது) பழகுவது வீண்போகாது, சமநிலையும் உந்துதலும் கைவரும். நிற்பதுதான் வராது. பிளேட்டைக் குறுக்கே திருப்பி ஐஸைச் சுரண்டி நிற்கும் நிறுத்தம் சக்கரத்தில் முடியாது, சக்கரம் தரையைப் பிடித்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

சாமானை அங்கே போய் வாங்குங்கள். கோட்டையில் விளையாட்டுக் கடைக்காரரிடம் ஹொக்கி என்றால் புல்தரைச் சாமானைத்தான் எடுத்துப்போடுவார். முழுச் செட்டையும் இங்கிருந்து விமானத்தில் இழுப்பதிலும் அர்த்தமில்லை. காசைக் கொட்ட வேண்டியது ஸ்கேட்டிலும் ஹெல்மெட்டிலும் மட்டும். முழங்கைக் கவசம், கால் கவசம், தடித்த காற்சட்டை எல்லாம் பழையதே போதும், வட அமெரிக்காவில் பழைய விளையாட்டுச் சாமான் கடைகள் தாராளம்.

ஸ்கேட் அளவில்தான் நம்மவர் ஏமாறுவது. நம் சப்பாத்துக்கு யூகே எண், அமெரிக்க ஆண்கள் எண் அதைவிட ஏறக்குறைய ஒன்று கூட. ஹொக்கி ஸ்கேட் அமெரிக்க எண்ணைவிட ஒன்று முதல் ஒன்றரை குறைத்து எடுப்பது. ஆக, இங்கே 8 போடுகிறவருக்கு ஸ்கேட்டும் ஏழரை, எட்டுத்தான். அமெரிக்க எண் 9 என்று அப்படியே 9 வாங்கினால் குதிக்கால் உள்ளே ஆடும், கணுக்கால் சாயும். புது ஸ்கேட் பெரும்பாலும் கூர் தீட்டாமல் வரும், அரை அங்குல ஆரமுள்ள பள்ளம் வைத்துத் தீட்டச் சொன்னால் போதும். விடுமுறைக்குக் கொழும்புக்குக் கொண்டுவந்தால் பிளேட்டைத் துடைத்துத் துணி உறையில் வையுங்கள். கடினப் பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். நம் கடற்காற்றில் அதற்குள் ஈரத்தோடு வைத்தால் துரு நிச்சயம்.

ஹெல்மெட் பழையதாக வாங்கினால் எச்இசிசி என்ற பாதுகாப்புச் சான்று ஸ்டிக்கரைப் பாருங்கள், உற்பத்தியிலிருந்து ஆறரை வருடம்தான் சான்று. ஸ்டிக் எவ்வளவு விறைப்பு என்பதைக் காட்டும் ஃப்ளெக்ஸ் எண் உடல் எடையின் பவுண்டில் பாதியளவு, 70 கிலோக்காரருக்கு 75 அல்லது 77. கழுத்துக் கவசம் கட்டாயமில்லை என்று யாராவது சொன்னாலும் போடுங்கள். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தில் அடம் ஜோன்சன் என்ற ஆட்டக்காரர் கழுத்தில் பிளேட் வெட்டியே இறந்தார். ஆண்கள் ஆட்டத்தில் உடலால் மோதலாம், பெண்கள் பிரிவில் அதற்குத் தடை.

கொழும்பிலிருந்து வீட்டார் பார்க்கலாமா? பார்க்கலாம். நியூயோர்க் நேரம் வெள்ளி மாலை 7.30 ஆட்டம், இங்கே சனி காலை 6 மணி. நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரம் மாறும்வரை 5 மணி. ஒளிபரப்பின் தரம்தான் பரிதாபம். பல ரிங்க்குகளில் ஒற்றைக் கமரா, தானியங்கிக் கமரா என்றால் பக் ஒரு மூலையில் இருக்க அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

காப்புறுதியில் அவசரப்படாதீர்கள். ஆட்டக்காரர் பதிவோடு வரும் யூஎஸ்ஏ ஹொக்கி (அமெரிக்க ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம்) காப்புறுதி இரண்டாம் நிலைதான், முதலில் உங்கள் மாணவர் காப்புறுதியைக் கேட்ட பிறகே மிச்சத்தை அது பார்க்கும். சில மாணவர் திட்டங்கள் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக் காயங்களை விலக்கியிருக்கும், அந்தப் பட்டியலில் கழக விளையாட்டும் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை வாசியுங்கள். அணித் தேர்வு ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் நடப்பதால், விமானம் ஏறுமுன்பே கழகத்துக்கு எழுதிப் பதிந்துவிடுங்கள். பாதிப் பருவத்தில் விலகினால் சந்தா திரும்புமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள், பெரும்பாலும் திரும்பாது.