கிளார்க் கீயா, செந்தோசாவா?

கேளிக்கை வட்டாரம் அமைக்க பழையதைப் புதுப்பிப்பது, புதிதாக ஒரே வளாகமாகக் கட்டுவது என இரண்டு வழிகளையும் சிங்கப்பூர் பார்த்திருக்கிறது. ஆற்றங்கரையில் இருந்த பழைய கிடங்குகளையும் கடைவீடுகளையும் இடிக்காமல் புதுப்பித்ததுதான் கிளார்க் கீ. அதற்கு முன் 1977 முதல் 1987 வரை ஆற்றையே சுத்தம் செய்தார்கள்; 1993இல் வட்டாரம் திறந்தது. அப்புறம் 2000களில் தெருக்களுக்கு மேல் கூரை போட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். அந்த ஊர் மழைக்குத் திறந்தவெளித் தெரு தாங்குமா? எம்.ஆர்.டி. ரயிலில் இறங்கி, நுழைவு டிக்கெட் இல்லாமல் சும்மா சுற்றலாம். என் ஓட்டு இதற்கே.

செந்தோசா தீவில் 2010இல் திறந்த ரிசார்ட்ஸ் வேர்ல்ட் வேறு ரகம்: யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா, சூதாட்டக்கூடம், ஹோட்டல்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். குழந்தைகளோடு முழு நாள் என்றால் சரி. வேலை முடிந்து எட்டிப் பார்க்கிற இடமல்ல.